பெண் பார்க்க அனுப்பிய பழுப்புப் படம்

முதலில் பழுப்பானது எங்கள் வீட்டு பிரஷர் குக்கர்.

கேமராவில் அன்று இருந்த ஒரே படம் அதுதான். ஆம்பூரில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். அந்த வாரம்தான் அலுவலகத்தில் எனக்கு டிஜிட்டல் கேமரா கொடுத்திருந்தார்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, எதிரில் இருந்த குக்கரைப் படம் எடுத்தேன். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் நண்பர் ஒருவர் ஏற்றிக் கொடுத்த, படங்களைத் திருத்தும் மென்பொருளும் இருந்தது. எதையோ தேடி எதையோ அழுத்தியதில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் மூன்று கோடுகள், ஒவ்வொன்றிலும் இழுத்து நகர்த்த ஒரு முக்கோணம், கீழே டிக் அடிக்க ஒரு கட்டம். டிக் அடித்தேன். குக்கர் முழுக்கச் சிவந்து போனது. மேல் கோட்டிலிருந்த முக்கோணத்தை மெதுவாக வலப்பக்கம் இழுத்தேன். சிவப்பு செம்மண்ணாகி, செம்மண் பழுப்பாகி, எங்கள் குக்கர் வெள்ளைக்காரன் காலத்துக் குக்கராக மாறியது.

நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னாடா, கரண்ட் அடிச்சிதா?"

"இல்லம்மா. குக்கர் பாரு."

அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விசில் வந்துடுச்சின்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தச் சந்தோஷம் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய பத்து வருடங்களைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நான் எடுத்த படம் எதையும் நான் முதலில் பார்த்ததில்லை. பிலிம் ரோலை உறையில் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வேலூர் வழியாக மெட்ராஸ் போகும் பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுப்பேன். வேலூரில் அலுவலக ஆள் ஒருவர் வாங்கிக்கொள்வார். அவர் டீ குடிக்கப் போன நாட்களில் உறை அதே பஸ்ஸில் மெட்ராஸ் வரை போய்த் திரும்பியதும் உண்டு. மறுநாள் காலை பேப்பரில்தான் என் படத்தைப் பார்ப்பேன். மை அப்பி, பேச்சாளரின் மூக்கும் மைக்கும் ஒன்றாகியிருக்கும். அதில் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. இப்போது படம் என் மேஜை மேல், என் கைக்குள் இருந்தது. விரல் அசைத்தால் நிறம் மாறியது.

இரண்டு வாரம் ஊரையே பழுப்பாக்கினேன். பிரியாணி அண்டா, ரயில்வே கேட், எங்கள் சர்ச் கோபுரம், மாதனூர் பக்கமிருந்து ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றி வரும் பஸ். எல்லாமே சுதந்திரத்துக்கு முன்பு எடுத்ததுபோல் இருந்தன. உற்றுப் பார்த்தால் மட்டும் மாட்டிக்கொள்ளும். அண்டாவுக்குப் பின்னால் செல்போன் ரீசார்ஜ் பலகை. சர்ச் வாசலில் ஸ்கூட்டி.

உற்சாகத்தில் ஒரு தப்பும் செய்தேன். ரயில்வே கேட்டில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நின்ற செய்திக்கு, பழுப்புப் படத்தையே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். வேலூரிலிருந்து உதவி ஆசிரியர் போன் செய்தார்.

"யோவ், ஆம்பூர்ல புழுதிப் புயல் எதனா அடிச்சிதா?"

"இல்ல சார். அழகா இருக்கட்டுமேன்னு..."

"அழகெல்லாம் வூட்டோட வச்சிக்க. நியூஸ் போட்டோல கலர் மேல கை வெக்காத."

சரி என்றேன். அதன் பிறகு பழுப்பு வீட்டோடு நின்றது.

வீட்டில் அதைப் பார்த்து முகம் சுளித்தவள் என் தங்கை. தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்துவிட்டு, ஒரு தோல் கம்பெனியில் பினிஷிங் செக்‌ஷனில் வேலை பார்த்தாள். அவள் வேலை ஷேடு பார்ப்பது. வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் உள்ளங்கை அளவுத் தோல் துண்டு ஒன்றை அனுப்பி, இந்த நிறம்தான் வேண்டும் என்பார்கள். சாயம் போட்டு வரும் ஒவ்வொரு தோலையும் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஷேடு சரியா, ஜாஸ்தியா, கம்மியா என்று சொல்ல வேண்டும். அதற்கென்றே வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல் அங்கே உண்டு. அந்தப் பக்கம் நேர் வெயில் விழாது, அதனால் நிறம் ஏமாற்றாது.

என் பழுப்பை அவள் ஒரே பார்வையில் கழித்துக் கட்டினாள்.

"இன்னா ண்ணா இது, செங்கல் சூளை மாதிரி. இதுல செவப்பு ஜாஸ்தி."

"பழைய போட்டோ இப்படித்தான் இருக்கும்."

"எந்தப் பழைய போட்டோ? நீ பாத்தியா? நாளைக்கி காட்றேன் இரு."

மறுநாள் ஹேண்ட்பேகிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தாள். டியூப்லைட்டை அணைக்கச் சொன்னாள். மானிட்டரை மேஜையோடு ஜன்னல் பக்கம் திருப்ப வைத்தாள். அந்தக் காலத்து மானிட்டர் ஆட்டுக்குட்டி எடை இருக்கும். துண்டைத் திரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "கொறை... இன்னும் கொறை... மஞ்சா பக்கம் போ... போதும், நிறுத்து!" என்றாள். நான் முக்கோணத்தை நகர்த்தினேன். ஒரு இடத்தில் தோல் எங்கே முடிகிறது, திரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போனது. அந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன்.

கம்பெனியில் அந்த நிறத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு வெளிநாட்டுச் சாராயத்தின் பெயர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்ல முடியுமா? நாங்கள் 'பாப்பா பிரவுன்' என்று வைத்துக்கொண்டோம். தங்கையை அம்மா கூப்பிடும் பெயர் பாப்பா.

பாப்பாவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் பேசியவர் ஐயரம்மா. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. இரக்கமுள்ளவர். மூன்று வீடுகளுக்கு பாப்பாவின் படத்தைக் கொடுத்திருந்தார். மூன்று முறையும் கெட்ட செய்தியை அவரே வந்து, ஒரே மாதிரி குரலைத் தணித்துச் சொன்னார்: "வேற ஒண்ணும் இல்லம்மா. பொண்ணு கொஞ்சம் கலர் கம்மின்னு நெனைக்கிறாங்க."

கலர் என்றால் எங்கள் பக்கம் நிறம் என்று அர்த்தமில்லை. சிவப்பாக இருப்பவரைத்தான் 'கலரா இருக்காங்க' என்போம். பாப்பா மாதிரி நல்ல கறுப்பாக இருப்பவருக்குக் கலரே கிடையாது. இந்தக் கணக்கு எங்களுக்கு அவ்வளவு பழக்கம், அதில் உள்ள வேடிக்கையை நான் அதுவரை கவனித்ததில்லை. மூன்றாவது முறை ஐயரம்மா போன பிறகு பாப்பாதான் சொன்னாள்.

"தெனமும் நானும்தான் ஷேடு பாத்து எத்தினி தோல ரிஜெக்ட் பண்றேன். எனக்காவது கையில சாம்பிள் இருக்குது. இவங்க எந்த சாம்பிள வச்சிகினு பாக்கறாங்க?"

சிரித்தது நான் மட்டும்தான். சிரித்த பிறகு, அவள் சிரிக்கவில்லை என்று கவனித்தேன்.

நாலாவது இடம் வேலூரில் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். மாப்பிள்ளை வளைகுடா நாடு ஒன்றில் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். அந்த அம்மாவுக்கு ஒரு பிரிண்ட், மகனுக்கு ஈமெயிலில் ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்றார் ஐயரம்மா.

பாப்பாவைக் கிளிப்பச்சைப் பட்டுப்புடவையில் உட்கார வைத்து எடுத்தேன். அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணலாமாமே. மொகத்த கொஞ்சமா வெளுப்பாக்கேன்."

செய்து காட்டினேன். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட, முதலில் நெற்றி பளபளத்தது, பிறகு மூக்கு கரைந்தது. கடைசியில் கண்ணும் புருவமும் மட்டும் மாவில் பதித்ததுபோல் நின்றன.

"யார் இது?" என்றாள் பாப்பா. "இவள கட்டிகினு போறவன் அங்க போயி யார தேடுவான்?"

பிறகு மானிட்டர் ஓரத்துச் சீட்டைக் காட்டினாள். "பிரவுன் ஆக்கு."

அவளுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஒரு வீட்டிலாவது நிறத்துக்கு முன்னால் முகத்தைப் பார்க்கட்டும். முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அது வேறு, அதைத் தாங்கிக்கொள்ளலாம். இதுவும் கலரில் போய் நின்றால், இனிமேல் யாருக்காகவும் படம் எடுக்க உட்காரப்போவதில்லை. இதைக் கோபமில்லாமல் சொன்னாள். அவள் கோபமில்லாமல் சொல்வதை மாற்றிக்கொண்டதில்லை.

எண்களைப் போட்டேன். பச்சைப் பட்டு போனது, பின்னாலிருந்த நீலச் சுவர் போனது, கறுப்பும் வெளுப்பும் போயின. எஞ்சியது முகம். வலது புருவத்தில் சின்ன வெட்டு, சிரிப்பை அடக்குகிற உதடு, நேராகப் பார்க்கும் கண். இருபத்தைந்து வருடம் பக்கத்தில் இருந்தும் அந்தப் புருவத்து வெட்டை நான் சரியாகப் பார்த்ததில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று தோன்றியது. உற்சாகத்தோடு சேமித்து, பிரிண்ட் போட எடுத்துக்கொண்டு ஓடினேன். கலர் லேப்காரர், "கலர் லேபுக்கு வந்து கலர் இல்லாத படம் கேக்கறியே" என்றார். பிரவுசிங் சென்டரிலிருந்து மெயிலும் போனது.

நாலு நாள் கழித்து வேலூரிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகியவர். ரிசீவர் அம்மாவின் காதில் இருந்தும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"போட்டோ வந்துதும்மா. நல்லா லட்சணமா இருக்கீங்க."

"நானா?"

"உங்க கல்யாணத்துக்கு முன்னால எடுத்ததா? அந்தக் காலத்து போட்டோ எப்பிடி இருக்குது பாருங்க, கொஞ்சம்கூட கெடல. சரி, பொண்ணோட போட்டோ எப்ப அனுப்புவீங்க?"

அம்மா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். "அதுதாங்க பொண்ணு" என்றார்.

"இதுவா? ஏன் பழுப்பா இருக்குது? தண்ணி கிண்ணி பட்டுடுச்சா?"

"இல்லீங்க, எங்க பையன் கம்ப்யூட்டர்ல..."

"கலர் போட்டோ இல்லியா?"

"இருக்குதுங்க."

"பொண்ணு கலரா இருக்குமா?"

இரண்டு கேள்விக்கும் இடையில் மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை. அம்மா இரண்டாவது கேள்வியையும் முதல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

"கலர்லயே அனுப்பறேங்க" என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.

கலர்ப் படத்தை எடுக்கப் போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இல்லை. வேறு பெயரில் சேமிப்பதற்குப் பதிலாக அதே பெயரில் சேமித்திருக்கிறேன். கேமராவின் கார்டில் பார்த்தேன். அதை மறுநாளே அழித்துவிட்டு, பள்ளிகொண்டா கோயில் தேர்ப் படங்களை ஏற்றியிருந்தேன். கிளிப்பச்சைப் பட்டு உலகத்தில் எங்கேயும் இல்லை.

"வேணும்னே பண்ணியிருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார் அம்மா.

"இல்லம்மா, சத்தியமா தெரியாம..."

"நீ பேசாத. குக்கர பழுப்பாக்கும்போதே புடுங்கி வச்சிருக்கணும்."

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மறுபடி படம் எடுப்பது என்று முடிவானது. பாப்பா உட்கார மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஆனால் இந்த முறை எல்லாம் அவள் சொன்னபடி. பட்டு வேண்டாம், சர்ச்சுக்குக் கட்டிய காட்டன் புடவையே போதும். பவுடர் கிடையாது. பிளாஷ் கிடையாது. வீட்டின் வடக்குப் பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நிழலில் நாற்காலி போடச் சொன்னாள்.

"தொவைக்கிற கல்லாண்டயா பொண்ணு போட்டோ எடுப்பாங்க?" என்றார் அம்மா.

"கல்லு தெரியாதும்மா. நான்தான் தெரிவேன்."

ஒரே ஒரு படம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் டியூப்லைட்டை அவளே அணைத்தாள். இடது கையைப் புடவைக்குள்ளிருந்து எடுத்து, முழங்கை வரை திரையோடு ஒட்டி வைத்தாள், தோல் துண்டை வைத்த அதே மாதிரி. படத்தில் இருக்கும் முகத்தையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கம்பெனி ஜன்னலருகே அவள் எப்படி நிற்பாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"கரெக்ட்டா இருக்குது. இதையே அனுப்பு."

அம்மா என் தோளைத் தொட்டார். "கொஞ்சூண்டு மட்டும்டா. அவளுக்கே தெரியாத அளவுக்கு."

"எனக்குத் தெரியாத அளவுன்னு ஒண்ணு கெடையாதும்மா" என்றாள் பாப்பா. "ரிஜெக்ட் ஆனா ஆவட்டும். ஆனா நான் ஆவணும். வேற எவளோ ரிஜெக்ட் ஆவக் கூடாது."

என் கை மவுசின் மேல் இருந்தது. ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் போதும். இழுக்கவில்லை. நியாயம் பார்த்து நிறுத்தினேன் என்று சொல்லமாட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பஜாரில் மாடிப்படிக்குக் கீழே, பிளைவுட் தடுப்பு வைத்த ஆறு கேபின். நடத்தியவர் என் வகுப்புத் தோழர். "இன்னா தோஸ்த், இன்னிக்கி யார பழுப்பாக்கப் போற?" என்று கேட்டு, கடைசி கேபினைக் கொடுத்தார். என் மெயிலைத் திறந்தேன். கலர்ப் படத்தை இணைக்கப் போகும்போதுதான் பார்த்தேன், மாப்பிள்ளையிடமிருந்து ஒரு மெயில் ஏற்கெனவே வந்து கிடந்தது. நாலு நாளாகி இருந்தது. அவர் அம்மா எங்கள் வீட்டுக்குப் போன் செய்த அன்றே எழுதியிருக்கிறார். நான் அதன் பிறகு மெயிலே பார்க்கவில்லை.

"வேணாம்னு எழுதியிருப்பாரு" என்றாள் பாப்பா. "படி, பரவால்ல."

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தார். நான் சத்தமாகப் படித்தேன்.

"போட்டோ பார்த்தேன். எங்க அம்மா கலர் போட்டோ கேட்பாங்க, கேட்டிருப்பாங்க. அது அவங்க பழக்கம். நான் கேட்கலை. புருவத்தில அந்த வெட்டு எப்படி வந்தது? சின்ன வயசில விழுந்தாங்களா? இன்னொரு சந்தேகம். இந்தப் பிரவுன் எப்படிப் பண்ணீங்க? நானும் இங்க ரெண்டு நாளா என் போட்டோல ட்ரை பண்றேன். கீழ இருக்கு. தயவுசெஞ்சி சிரிக்காதீங்க."

கீழே படம் இறங்க ஆரம்பித்தது. அந்த நாட்களில் படம் மேலிருந்து ஒவ்வொரு வரியாகத்தான் வரும். முதலில் ஒரு மின்விசிறியின் இறக்கை. பிறகு முடி. பிறகு நெற்றி. நெற்றி பச்சையாக இருந்தது. பாப்பா முன்னால் குனிந்தாள். புருவம், கண், மூக்கு, எல்லாம் ஒவ்வொரு வரியாகப் பச்சையாகவே வந்தன. சுத்தமான குளத்துப் பாசி. பெரிய மீசை ஒன்று வந்தது. அதுவும் பச்சை. அதற்குக் கீழே, இதையெல்லாம் தெரிந்துகொண்டே செய்ததுபோல் ஒரு சிரிப்பு.

பாப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கேபின்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. புடவைத் தலைப்பால் வாயை மூடியும் அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ண்ணா, இவுரு இன்னா கலருன்னே தெரியலயே!" என்றாள். மேஜையைத் தட்டினாள். எனக்கும் அடக்க முடியவில்லை. தோழர் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இவுரு, தண்ணிக்குள்ள இருக்காரா?" என்றார். அதற்கு இன்னொரு முறை சிரித்தோம்.

ஓய்ந்ததும் பதில் எழுத விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.

"எழுந்திரு" என்றாள்.

"நான் எழுதறேன், நீ சொல்லு."

"வெட்டு எப்பிடி வந்துதுன்னு உனக்கா தெரியும்? எழுந்திரு ண்ணா."

எழுந்தேன். அவள் உட்கார்ந்து முதலில் செய்தது, நாங்கள் கொண்டுபோயிருந்த கலர்ப் படத்தை இணைத்தது. ஒரு கணமும் தயங்கவில்லை. இணைப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தாள். நான் அவள் தோளுக்கு மேல் பார்த்தேன். நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"பேப்பர்ல போடப் போறியா?"

"இல்ல."

"அப்ப வெளிய நில்லு."

வாசலுக்கு வந்து நின்றேன். கண்ணாடிக் கதவு வழியே கடைசி கேபினில் அவள் பின்னல் மட்டும் தெரிந்தது. தட்டுவாள், நிறுத்துவாள், தோள் குலுங்கும், மறுபடி தட்டுவாள். ஒரு செய்திக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றும் ஒரு வரிகூடத் தெரியாமல் நின்றது எனக்கு அதுவே முதல் முறை. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் படிக்கட்டு வரை போய்ப் போய்த் திரும்பினேன்.

அரை மணி நேரம் முடிந்ததும் தோழர் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "தங்கச்சி, டைம் ஆச்சி. போதுமா?"

அவள் திரும்பவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, அந்த விரலாலேயே தட்டத் தொடங்கினாள்.

தோழர் என்னைப் பார்த்தார். "இன்னா அர்த்தம்? ஒரு நிமிஷமா, ஒரு மணி நேரமா?"

"ஒரு மணி நேரம்னு போடு" என்றேன்.